மாட்டின் ஏப்பத்துக்கு வரி

காலையில் கடற்கரைச் சாலையில் நடக்கும் எங்கள் கூட்டத்தில் ஐந்து பேர். எல்லோரும் ஓய்வூதியக்காரர்கள். போன வாரம் அதில் ஒருவர், முட்டையைக்கூடத் தொடாதவர், பேப்பரில் படித்ததாக ஒரு செய்தி சொன்னார்.

"டென்மார்க்குல மாட்டுக்கு வரி போடப் போறாங்களாம் சார். மாடு ஏப்பம் விட்டா பூமி சூடாகுதாம். நல்ல காரியம். என்னைக் கேட்டா கறிக்கே நாலு மடங்கு வரி போடணும். அப்பத்தான் ஜனங்க திருந்துவாங்க."

மற்ற மூன்று பேரும் தலையாட்டினார்கள். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் காந்தி சிலை வந்துவிட்டது. அவரவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்தப் பதிலை வீட்டுக்கு வந்து நிதானமாக எழுதுகிறேன். நண்பரும் இதைப் படிப்பார் என்று தெரியும். கோபித்துக்கொள்ள மாட்டார்.

முதலில் என் பக்கத்துக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆட்டுக்கறி வாங்குகிறவன். டாக்டர் அளவைக் குறைத்திருக்கிறார், நாக்கு குறைக்கவில்லை. ஆகவே இந்த வழக்கில் எனக்குச் சொந்த லாபம் உண்டு என்று யாராவது சொன்னால் மறுக்க முடியாது. ஆனால் நான் சொல்ல வந்தது நாக்கைப் பற்றி இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் வரிக் கோப்புகளோடு உட்கார்ந்து எழுதிய ஒரு குமாஸ்தாவின் வாதம் இது.

பூமி சூடாகிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலை தானே புயல் வந்தபோது இந்த ஊரில் இருந்தவன் நான். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழையைக் கொட்டியபோது எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். ஒரு புயலை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, சரி. ஆனாலும் விஞ்ஞானிகள் சொல்வதை மறுப்பதற்கு நான் யார்?

மாட்டின் மீது அவர்கள் சொல்லும் குற்றமும் பொய்யில்லை. அசை போடும் பிராணிகளின் முதல் இரைப்பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் புல்லைப் புளிக்க வைக்கின்றன. அதில் மீத்தேன் என்ற வாயு உண்டாகிறது. பெரும்பகுதி வாய் வழியாக ஏப்பமாகத்தான் வெளியே வருகிறது. பத்திரிகைக்காரர்கள் வேடிக்கைக்காகப் பின்பக்கத்தைச் சொல்லிவிட்டார்கள். ஒரு டன் மீத்தேன் நூறு ஆண்டுக் கணக்கில் ஒரு டன் கரியமில வாயுவைப் போல ஏறக்குறைய 28 மடங்கு சூட்டைப் பிடித்து வைக்கிறது. ஆனால் சுமார் 12 ஆண்டுகளில் அது சிதைந்துவிடும். பெட்ரோலும் நிலக்கரியும் விட்ட புகை நூற்றாண்டுகள் தங்கும். மீத்தேனைக் குறைத்தால் பலன் சீக்கிரம் தெரியும் என்பதால்தான் மாட்டைக் குறி வைக்கிறார்கள். அந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது.

எவ்வளவு பங்கு என்பதில்தான் கணக்கு கொஞ்சம் ஆடுகிறது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு, மனிதனால் உண்டாகும் வெப்ப வாயுக்களில் கால்நடைகளின் பங்கு 18 சதவீதம் என்று 2006-இல் சொன்னது. 2013-இல் 14.5 என்றது. 2023-இல் 12 என்கிறது. கணக்கிடும் முறை மாற மாற எண்ணும் மாறியது. 12 சதவீதமும் சின்னத் தொகை இல்லை. ஏதாவது செய்யத்தான் வேண்டும்.

கேள்வி, என்ன செய்வது என்பது. "கறிக்கு வரி போடு" என்று ஐரோப்பாவில் பலர் எழுதுகிறார்கள். அதைத்தான் நம் நண்பரும் சொன்னார். அந்த வரி தவறான ஆள் தலையில் விழும் என்பதுதான் என் வாதம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் பிரிவில் ஒரு பெரியவர் இருந்தார். புது வரி எதற்காவது உத்தரவு வந்தால் எங்களைக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்பார்: "இதை யார் கட்டுவான்? யார் சுமப்பான்?" இரண்டும் ஒரே ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம். அவர் விளக்குவார். செலான் கட்டுகிறவன் கடைக்காரன். ஆனால் அவன் விலையில் ஏற்றி வாடிக்கையாளரிடம் வாங்கிவிடுவான். வாடிக்கையாளர் வாங்க மறுத்தால், தனக்குச் சரக்கு கொடுக்கிறவனிடம் விலையைக் குறைப்பான். மேலும் தள்ள முடியாமல், கீழும் தள்ள முடியாமல் எவன் நிற்கிறானோ அவன் முதுகில்தான் வரி உட்காரும். பொருளாதார வகுப்பில் இதற்குப் பெரிய பெயர் இருக்கிறது. எங்களுக்கு அந்தப் பெரியவரின் கேள்வி போதுமாக இருந்தது.

அந்த முதுகை நான் நேரில் பார்த்தது 2019-இல், பிரான்ஸில்.

என் அக்கா மகன் ரென் நகரத்தில் இருக்கிறான். இந்த ஊரில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த என்னைப் போன்றவர்கள் வீட்டில் இப்படி ஒருவராவது அங்கே இருப்பார்கள். ரென் இருப்பது பிரெத்தாஞ் மாநிலத்தில். பிரான்ஸின் பாலுக்கும் பன்றிக்கும் கோழிக்கும் பேர் போன இடம். ஊருக்கு வெளியே அவனுக்குத் தெரிந்த ஒரு பால் பண்ணைக்காரர் வீட்டுக்கு ஒரு மத்தியானம் கூட்டிக்கொண்டு போனான். அறுபது மாடுகள். கணவனும் மனைவியும் வேலை செய்கிறார்கள், கூலியாள் கிடையாது. காலை ஐந்தரைக்கு ஒரு கறவை, மாலை ஒரு கறவை. ஞாயிறும் உண்டு, கிறிஸ்துமஸும் உண்டு.

நான் என்ன வேலை பார்த்தேன் என்று கேட்டார். வரி ஆபீஸில் எழுத்தர் என்றேன். "அப்படியென்றால் எதிரி" என்று சிரித்துவிட்டு ஆப்பிள் சாராயம் ஊற்றினார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். பால் வாங்கும் நிறுவனம் மாதாமாதம் அனுப்பும் சீட்டு. எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு, புரதம் எவ்வளவு, விலை என்ன, பிடித்தம் என்ன, எல்லாம் அதில் அச்சாகியிருந்தது.

நான் இரண்டு முறை படித்தேன். ஏதோ உறுத்தியது. "இது நீங்கள் அவர்களுக்குக் கொடுக்கும் பில்தானே? அவர்கள் ஏன் எழுதியிருக்கிறார்கள்?" என்று கேட்டேன். அப்படித்தான் வழக்கம் என்றார். பாலை லாரி ஏற்றிக்கொண்டு போகும். மாதம் முடிந்த பிறகு, அவர் சார்பில் வாங்குகிறவனே பில் போட்டு அனுப்புவான்.

என் உத்தியோக காலத்தில் எத்தனையோ பில் பார்த்திருக்கிறேன். போலி பில், இரட்டை பில், பில்லே இல்லாத வியாபாரம். விற்கிறவன் பில் எழுதாமல், வாங்குகிறவன் விலையையும் எழுதிக் கையெழுத்தும் போடும் வியாபாரத்தை அன்றுதான் பார்த்தேன். இந்த மனிதர் தன் செலவு கூடிவிட்டதென்று விலையில் ஐந்து காசு ஏற்ற முடியாது. அவர் கையில் பேனாவே கிடையாது.

பாலுக்கும் கறி வரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பிரான்ஸில் சாப்பிடும் மாட்டிறைச்சியில் கணிசமான பகுதி பால் மாட்டிலிருந்து வருவது. கறவை ஓய்ந்த மாடு இறைச்சிக்குப் போகிறது. அந்தப் பணமும் சேர்ந்துதான் பண்ணையின் வருமானம். சூப்பர் மார்க்கெட்டில் ஒரு கிலோவுக்கு ஒரு யூரோ வரி போட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை ஏறினால் வாங்குவது குறையும், அதுதானே வரியின் நோக்கம்? விற்பனை விழாமல் இருக்க மார்க்கெட்காரன் மொத்த வியாபாரியை நெருக்குவான். அவன் இறைச்சிக் கூடத்தை நெருக்குவான். கூடத்துக்காரன் பண்ணைக்காரரிடம் இந்த மாதம் மாட்டுக்கு விலை இவ்வளவுதான் என்பான். பண்ணைக்காரர் யாரை நெருக்குவார்? மாட்டையா?

சாப்பிடுகிறவர் பக்கம் பாருங்கள். பணக்காரர் வீட்டில் மாதச் செலவில் கறிக்கடைக் கணக்கு ஒரு மூலையில் கிடக்கும். ஒரு யூரோ ஏறினாலும் அவருக்குத் தெரியாது, அதே துண்டம் தட்டில் இருக்கும். என் அக்கா மகன் வேலை செய்யும் இடத்தில் துப்புரவு செய்கிற பெண்மணிதான் கொத்துக்கறிப் பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பார். ஆக, வரியைக் கொடுக்கிறவர் அந்த அம்மாள், சுமக்கிறவர் அறுபது மாட்டுக்காரர். நடுவில் இருக்கிறவர்கள் கைக்குக் காயம் இல்லை.

இன்னொரு அநியாயமும் உண்டு. கறிக்கு வரி என்றால் எல்லாக் கறிக்கும் ஒரே வரி. புல்வெளியில் மேய்த்து, வேலி மரங்கள் வைத்து, பார்த்துப் பார்த்து வளர்த்தவரின் இறைச்சிக்கும், கொட்டகையில் அடைத்து இறக்குமதி சோயா போட்டு வளர்த்ததற்கும் கடையில் ஒரே முத்திரைதான். நல்லது செய்தால் வரி குறையும் என்றாலாவது ஒருவர் மாறப் பார்ப்பார். எப்படி வளர்த்தாலும் அதே வரி என்றால் எதற்கு மாற வேண்டும்? தண்டனை இருக்கிறது, திருந்துவதற்கு வழி இல்லை.

வேலி மரம் என்றதும் அவர் சொன்னது நினைவுக்கு வருகிறது. பிரெத்தாஞ் பக்கம் சின்னச் சின்ன வயல்களைச் சுற்றி மேடு போட்டு அதன் மேல் மரங்கள் வளர்ப்பது பழைய வழக்கம். அவருடைய தகப்பனார் காலத்தில், 1960-களில், அரசாங்கம் நிலச் சீரமைப்பு என்று வந்தது. டிராக்டர் ஓட வசதியாக நிலங்களை ஒன்றாக்கி, அந்த வேலிகளைப் புல்டோசர் வைத்துப் பிடுங்கிப் போட்டது. மக்காச்சோளம் போடு, மாட்டைப் பெருக்கு, கடன் வாங்கு என்று அதிகாரிகள் வந்து சொன்னார்கள். இப்போது மகனிடம் வேலி நடு என்று பணம் கொடுக்கிறார்கள். "பிடுங்கியதற்கு என் அப்பா கையெழுத்துப் போட்டார். நடுவதற்கு நான் போடுகிறேன். கடைசியில் குற்றவாளி என் மாடு" என்றார். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

2023 மே மாதம் அந்த நாட்டின் கணக்குத் தணிக்கை நீதிமன்றம், பிரான்ஸின் மாட்டு மந்தையைக் குறைக்க அரசு ஒரு திட்டம் வகுக்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. சுமார் 1 கோடியே 70 லட்சம் மாடுகள் உள்ள நாடு. கிராமங்களில் பெரிய கொதிப்பு. மாடு பெருக வேண்டும் என்று சொன்ன அரசுதான் மாடு அதிகம் என்கிறது. இடையில் கடன் வாங்கியவருக்கு அந்தக் கடன் மட்டும் குறையவில்லை. 2010-இல் பிரான்ஸில் சுமார் 4,90,000 பண்ணைகள் இருந்தன. 2020 கணக்கெடுப்பில் சுமார் 3,90,000. பத்து வருஷத்தில் ஒரு லட்சம் குடும்பங்கள் கதவைச் சாத்திவிட்டன, கறி வரி என்று ஒன்று வராமலேயே.

வரியை எதிர்த்துக் கலகம் செய்வது பிரெத்தாஞ்காரர்களுக்குப் புதிதில்லை. பள்ளியில் எங்களுக்குப் பிரான்ஸின் சரித்திரத்தைத்தான் உருப்போட வைத்தார்கள். அதில் 1675-ஆம் வருஷக் கலகம் எனக்கு மறக்காமல் நின்றதற்குக் காரணம், அது முத்திரைத்தாள் வரியால் வந்தது. பதினான்காம் லூயி ஹாலந்தோடு நடத்திய யுத்தத்துக்குப் பணம் வேண்டியிருந்தது. பத்திரம் எழுத அரசு முத்திரையிட்ட தாளைத்தான் வாங்க வேண்டும் என்றார்கள், புகையிலைக்கும் வரி என்றார்கள். குடியானவர்கள் சிவப்புக் குல்லாய் போட்டுக்கொண்டு எழுந்தார்கள். பிற்காலத்தில் முத்திரைத்தாளோடு வாழ்நாளைக் கழிக்கப் போகிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

338 வருஷம் கழித்து அதே சிவப்புக் குல்லாய் திரும்பி வந்தது. சுற்றுச்சூழலுக்காக என்று லாரிகளுக்குச் சாலை வரி கொண்டுவந்தார்கள். பிரெத்தாஞ் ஐரோப்பாவின் ஓரத்தில் இருக்கிறது. பாலும் பன்றியும் எங்கே போனாலும் தூரம்தான். 2013 அக்டோபரில் ஜனங்கள் சாலையின் குறுக்கே நிறுத்தியிருந்த கண்காணிப்பு வளைவுகளைக் கொளுத்தினார்கள். அந்த மாதமே வரியை ஒத்திவைத்தார்கள், 2014-இல் கைவிட்டார்கள். வசூலிக்க ஒப்பந்தம் எடுத்த நிறுவனத்துக்கு நூற்றுக்கணக்கான மில்லியன் யூரோ நஷ்ட ஈடு. ஆக வரியும் வரவில்லை, புகையும் குறையவில்லை, கஜானாவும் இளைத்தது.

2018 நவம்பரில் மஞ்சள் சட்டைக்காரர்கள் வந்தார்கள். டீசல் மீதான கரிம வரியை ஏற்றப் போகிறோம் என்றார்கள். அதே வருஷ ஆரம்பத்தில்தான் பணக்காரர்களின் சொத்து வரியில் பெரும்பகுதியை நீக்கியிருந்தார்கள். இரண்டையும் ஜனங்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டார்கள். அன்று டன்னுக்கு 44.60 யூரோவில் நின்ற கரிம வரி பிறகு நகரவில்லை. பூமிக்காகப் போடும் வரியை அநியாயமாகப் போட்டால் அந்த வரி மட்டும் போகாது, பூமியைப் பற்றிப் பேசுகிறவர்கள் மேல் இருந்த நம்பிக்கையும் சேர்ந்து போகும். எனக்கு இதுதான் பெரிய கவலை.

2023 இறுதியில் பிரான்ஸின் கிராமங்களில் ஊர்ப் பெயர்ப் பலகைகளைக் கழற்றித் தலைகீழாக மாட்டினார்கள். எல்லாம் தலைகீழாக நடக்கிறது என்று சொல்வதற்காக. 2024 ஜனவரியில் டிராக்டர்கள் பாரிஸைச் சூழ்ந்தன. விவசாய டீசலின் வரிச் சலுகையை எடுப்பதாக இருந்த அரசு பின்வாங்கியது. அந்த வருஷம் டிசம்பரில், தென்னமெரிக்காவின் மெர்கோசூர் நாடுகளோடு வர்த்தக ஒப்பந்தப் பேச்சு முடிந்துவிட்டதாக ஐரோப்பிய ஆணையம் அறிவித்தது. அதில் 99,000 டன் மாட்டிறைச்சிக்குக் குறைந்த சுங்கம். உள்ளூர் மாட்டின் ஏப்பம் பூமிக்கு ஆகாது, கடல் கடந்து கப்பலில் வரும் மாட்டின் ஏப்பம் ஆகும். இதை அந்தப் பண்ணைக்காரருக்கு எப்படிப் புரிய வைப்பது? எனக்கே புரியவில்லை.

நியூசிலாந்து கதையும் இதுதான். அந்த நாட்டின் வெப்ப வாயுவில் ஏறக்குறைய பாதி விவசாயத்திலிருந்து வருகிறது. 2003-இல் மாட்டு வாயுவுக்கு ஒரு வரி என்றார்கள். ஷேன் ஆர்டர்ன் என்ற எதிர்க்கட்சி உறுப்பினர் பாராளுமன்றப் படிக்கட்டில் டிராக்டரையே ஏற்றிவிட்டார். வரி போயிற்று. 2022-இல் ஜசிந்தா ஆர்டர்ன் பிரதமராக இருந்தபோது மறுபடியும் கொண்டுவந்தார்கள். பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள். மறுபடியும் டிராக்டர்கள். 2024-இல் அடுத்த அரசு அதைக் கைவிட்டது. இருபது வருஷம் வீண்.

நண்பர் கேட்பார், "அப்ப டென்மார்க்?" நியாயமான கேள்வி. அதைத் தாண்டிப் போக முடியாது.

டென்மார்க் 2024-இல் செய்ததை நான் உட்கார்ந்து படித்தேன். மனிதர்களைவிடப் பன்றிகள் அதிகமுள்ள நாடு அது. அவர்கள் போடப்போவது கறிக்கு வரி இல்லை. பிராணிகள் விடும் வாயுவுக்கு வரி. 2030-இல் ஆரம்பம். டன்னுக்கு 300 குரோனர், 2035-இல் 750. அதில் 60 சதவீதம் கழிவு. ஆகவே நிஜத்தில் 120, பிறகு 300. ஒரு பால் மாட்டுக்கு வருஷத்துக்கு சுமார் 672 குரோனர் வரும் என்று கணக்குப் போட்டார்கள். நம் பணத்தில் எட்டாயிரம் ரூபாய்க்கு மேல். முதல் இரண்டு வருஷ வசூலை விவசாயத்தின் மாற்றத்துக்கே திருப்பிக் கொடுப்பார்கள். காடு வளர்க்கவும் நிலத்தைத் திரும்ப எடுக்கவும் 40 பில்லியன் குரோனர் அளவில் நிதி, 2,50,000 ஹெக்டேரில் புதுக் காடு. இதையெல்லாம் பேசி முடிவு செய்த மேசையில் விவசாயிகள் சங்கமும் இருந்தது, இயற்கைப் பாதுகாப்புச் சங்கமும் இருந்தது, இறைச்சித் தொழிலாளர் சங்கமும் இருந்தது.

வித்தியாசம் தெரிகிறதா? கறிக்கு வரி என்றால் பண்ணைக்காரருக்குத் தப்பிக்க ஒரே வழி, மாட்டை விற்பது. வாயுவுக்கு வரி என்றால் வேறு வழிகளும் இருக்கின்றன. பால் மாட்டின் மீத்தேனை ஏறக்குறைய 30 சதவீதம் குறைக்கும் ஒரு தீவனச் சேர்க்கையை 2022-இல் ஐரோப்பா அனுமதித்திருக்கிறது. சாணத்தை மூடி வைத்து எரிவாயு எடுக்கலாம். குறைத்தவர் குறைவாகக் கட்டுவார். எனக்கு அந்த வரியின் மேலும் முழு நம்பிக்கை இல்லை. பெரிய பண்ணை தாங்கும், சின்னது தாங்குமா என்று 2030-க்குப் பிறகுதான் தெரியும். ஆனால் அதை எழுதியவர்கள் என் பழைய மேலாளரின் கேள்வியைக் கேட்டுவிட்டு எழுதியிருக்கிறார்கள் என்பது தெரிகிறது.

அவர்கள் கேட்டதற்கும் காரணம் உண்டு. ஒரு முறை சூடு பட்டவர்கள். 2011 அக்டோபரில் டென்மார்க் கொழுப்பு வரி போட்டது. வெண்ணெய், பாலாடைக்கட்டி, கறி எல்லாவற்றுக்கும், அதில் உள்ள கொழுப்பைக் கணக்குப் பார்த்து. ஜனங்கள் காரை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டி ஜெர்மனிக்கும் ஸ்வீடனுக்கும் போய் வெண்ணெய் வாங்கி வந்தார்கள். பதினைந்து மாதத்தில் வரியை எடுத்துவிட்டார்கள்.

இதைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். கோரிமேடு செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டுமா? எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு விலை, இந்தப் பக்கம் ஒரு விலை என்றால் பாட்டில் தானாக நடந்து போகும். பழைய பிரான்ஸில் உப்பு வரி மாகாணத்துக்கு மாகாணம் மாறும். பிரெத்தாஞ்சில் உப்புக்கு அந்த வரி கிடையாது, பக்கத்து மாகாணத்தில் கொள்ளை வரி. எல்லை நெடுக உப்புக் கடத்தலே ஒரு தொழிலாக நடந்தது. 1790-இல் அந்த வரியை ஒழிக்கும் வரைக்கும் சிறைச்சாலைகள் உப்புக்காரர்களால் நிரம்பின. கறி மட்டும் எல்லை தாண்டாமல் இருக்குமா?

சரி, வரி வேண்டாம் என்கிறாயே, பிறகு என்னதான் வழி என்று கேட்பீர்கள். மூன்று சொல்கிறேன்.

ஒன்று, வரி போடாமல் விட்டதற்குப் போடுங்கள். நான் பாரிஸ் போன விமானத்தில் ஊற்றிய எரிபொருளுக்கு வரி கிடையாது. 1944-இல் சிகாகோவில் கையெழுத்தான விமான ஒப்பந்தத்திலிருந்து வரும் வழக்கம் அது. ஐரோப்பாவுக்குள் பறப்பதற்கும் இன்றுவரை விலக்கு உண்டு. பண்ணைக்காரர் டிராக்டருக்கு ஊற்றும் டீசலில் வரி இருக்கிறது. சுற்றுலாப் போகிறவன் விமானத்தில் இல்லை. நான் அக்கா மகனைப் பார்க்கப் போனேன், உண்மைதான். அதற்காக அந்த வரியை நான் கட்ட மாட்டேன் என்று சொல்லவில்லையே.

இரண்டு, கொடுக்கும் பணத்தைச் சரியாகக் கொடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்ஜெட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விவசாயத்துக்குப் போகிறது. நேரடி உதவித் தொகையில் 80 சதவீதம் போய்ச் சேர்வது 20 சதவீதம் பேருக்கு, ஏனென்றால் நிலத்தின் அளவைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பி, வேலி நட்டவருக்கு, புல்வெளியை உழாமல் வைத்தவருக்கு, மீத்தேன் குறைக்கும் தீவனம் வாங்குகிறவருக்குக் கொடுங்கள். புதுச் செலவு இல்லை. பழைய செலவின் விலாசத்தை மாற்றினால் போதும்.

மூன்று, அவர் கையில் பேனாவைக் கொடுங்கள். உற்பத்திச் செலவுக்குக் கீழே விலை எழுதக் கூடாது என்று பிரான்ஸில் 2018-இலிருந்து சட்டங்கள் கொண்டுவந்து பார்க்கிறார்கள். சட்டம் இருந்தும் டிராக்டர் பாரிஸுக்கு வந்தது என்றால் அதில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஓட்டையை அடைக்காமல் மேலே ஒரு வரியையும் வைத்தால் வண்டி குடை சாயும்.

இது எங்கோ இருக்கும் வெள்ளைக்காரர் விவகாரம் என்று தோன்றலாம். நம் நாட்டில் 2019 கணக்கெடுப்பின்படி பசு, காளை 19 கோடிக்கு மேல், எருமை 11 கோடிக்குக் கொஞ்சம் குறைவு. மீத்தேனைக் குறைப்போம் என்று 2021-இல் கிளாஸ்கோவில் பல நாடுகள் கையெழுத்துப் போட்டபோது இந்தியா போடவில்லை. இங்கே மாடு வைத்திருக்கிறவர்களில் பெரும்பாலோர் சிறிய ஆட்கள். பாகூர்ப் பக்கம் இரண்டு மாடு வைத்துக்கொண்டு விடியற்காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றும் பெண்ணுக்கும் கொழுப்பைப் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள், சீட்டு இயந்திரத்திலிருந்து வருகிறது. இன்று கசாப்புக் கடையில் வெட்டிக் கொடுக்கும் கறிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. நாளைக்கு யாராவது ஐரோப்பாவைப் பார்த்து இங்கும் போடலாம் என்று கிளம்பினால், அந்தப் பெண் டிராக்டர் ஓட்டிக்கொண்டு டெல்லிக்குப் போக மாட்டார். பேசாமல் மாட்டை விற்றுவிடுவார்.

கறி சாப்பிடாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் சாப்பிடாதது உங்கள் விருப்பம், அதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நாம் வாங்காத பொருளுக்கு வரி போடச் சொல்வது ரொம்பச் சுலபம். நான் சிகரெட் குடிப்பதில்லை, பட்ஜெட்டில் சிகரெட் வரி ஏறும்போது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும். நண்பர் தினம் மூன்று வேளை தயிர் சாப்பிடுகிறவர். அந்தத் தயிரும் ஏப்பம் விடுகிற மாட்டிடமிருந்துதான் வருகிறது. வாயுவைக் கணக்குப் பார்க்க ஆரம்பித்தால் தயிருக்கும் சேர்த்துத்தான் பில் வரும்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் போன் பேசினான். பண்ணைக்காரரைப் பற்றிக் கேட்டேன். நாற்பது மாடுகளாகக் குறைத்துவிட்டாராம். பிள்ளை ரென்னில் கணினி வேலைக்குப் போய்விட்டான், பண்ணைக்குத் திரும்பி வர மாட்டான். இரண்டு வருஷத்தில் ஓய்வு பெறப் போகிறார். நிலத்தைப் பக்கத்தில் இருக்கும் முந்நூறு மாட்டுப் பெரிய பண்ணை கேட்கிறதாம். நட்ட வேலி என்ன ஆகும் என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை.

நாளைக் காலை நடையில் நண்பரிடம் வேறொன்றும் சொல்லப் போவதில்லை. எங்கள் பழைய மேலாளர் கேட்ட கேள்வியைத்தான் கேட்பேன். யார் கட்டுவார், யார் சுமப்பார்? அதற்கு அவர் பதில் சொல்லிவிட்டால், காபி என் செலவு.